இரண்டாம் எண் சிகிச்சையாளர்

மார்ச் 4, செவ்வாய்

கோப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு இயன்முறை சிகிச்சை மையங்கள், ஓர் ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு நோயாளிகள். எல்லாருமே முழங்காலிலோ இடுப்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். வந்த முதல் நாள் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார்கள், பன்னிரண்டு வாரம் கழித்து எத்தனை மீட்டர் நடந்தார்கள் – இதுதான் முக்கியத் தகவல். கூடவே சிகிச்சையாளர் எண், வயது, எடை என்று சில தலைப்புகள். கைத்தடி, வலி, முனகல் எதுவும் கோப்பில் இல்லை. அளந்தது மீட்டர் மட்டும்.

காற்புள்ளி கொண்டுவந்து கொடுத்தார். தரவுப் பதிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். தசமப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் யாரோ காற்புள்ளி போட்டதைக் கண்டுபிடித்து, மூன்று மாடி ஏறிப்போய்ச் சண்டை போட்ட நாளிலிருந்து அந்தப் பெயர். அவருக்கும் தெரியும். கோபமில்லை.

"சுத்தம் பண்ணிட்டேன் மேடம். கண்ணாடி மாதிரி இருக்கு. இனி உங்க பாடு."

இயக்குநர் கேட்பது எளிமையானது: கடைசியில் நிற்கும் மூன்று மையங்கள் எவை? அவற்றை மூடிவிட்டு, ஆட்களைப் பெரிய மையங்களோடு சேர்ப்பார்கள். எல்லாருக்கும் அங்கே இடம் இருக்காது என்பதைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினேழாம் மையத்தில் என் தங்கை சிகிச்சையாளராக இருக்கிறாள். அதை நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே – என்று எழுதும்போதே இது சாக்கு என்று தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

"ஒவ்வொரு மையத்துக்கும் சராசரி எடுத்து வரிசையா வச்சா முடிஞ்சுதே? இதுக்கு எதுக்கும்மா ஒரு வாரம்?" என்றார் இயக்குநர்.

முடியாது என்று விளக்கினேன். நோயாளிகள் தனித்தனியாக வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு சிகிச்சையாளரிடம் வருகிறவர்கள் ஒரே கையில் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களுடைய முன்னேற்றம் ஒன்றுக்கொன்று சாயலாக இருக்கும். அந்தச் சிகிச்சையாளர்கள் ஒரு மையத்துக்குள் இருக்கிறார்கள். ஒரே கருவிகள், ஒரே தலைமை. படிக்குள் படி. பல்படிநிலை நேரியல் மாதிரி என்கிற கணக்குமுறை ஒவ்வொரு படிக்கும் அதன் பங்கைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். இன்னொன்று: முப்பத்தொரு பேரை மட்டும் பார்த்த மையத்தின் சராசரியை அது முழுக்க நம்பாது. பொதுச் சராசரியின் பக்கம் கொஞ்சம் இழுத்து வைக்கும். காதில் விழுந்த செய்தியைப் பாதி மட்டும் நம்புகிற நிதானமான ஆளைப்போல.

அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு மூணு வேணும், அவ்வளவுதான்" என்றார்.

மார்ச் 12, புதன்

முடிவு வந்தது. முன்னேற்றத்தில் உள்ள மொத்த வேறுபாட்டில் நூற்றுக்கு ஏழு, மையத்தைப் பொறுத்தது. மீதித் தொண்ணூற்று மூன்று, நோயாளியைப் பொறுத்தது. சிகிச்சையாளரைப் பொறுத்தது – சுழியம்.

சுழியம்! யாரிடம் போனாலும் ஒன்றுதான், எங்கே போகிறோம் என்பதே முக்கியம். அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

கடைசி மூன்று: ஒன்பது, நான்கு, பதினேழு.

பதினேழாம் மையம் சராசரியைவிடப் பதினாறு மீட்டர் கீழே. அதற்கு மேலே உள்ள மையம் பதினைந்து மீட்டர் கீழே. ஒரு மீட்டர் வித்தியாசம். வேறு யாராவது இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், "இந்த ரெண்டையும் பிரிக்கவே முடியாது" என்று சொல்லியிருப்பேன். இங்கே அதை அடிக்குறிப்பாகப் போட்டேன். அடிக்குறிப்பை இயக்குநர் படிக்கமாட்டார் என்று தெரியும்.

ஏன் அடிக்குறிப்பு? உரத்துச் சொன்னால் தங்கைக்காகச் சொன்னதாகிவிடும் என்று. அப்படியானால் மெதுவாகச் சொன்னது யாருக்காக?

மார்ச் 13, வியாழன்

அனுப்பிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

மாலையில் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அக்கா, எங்க மையத்தை மூடப்போறாங்களாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"பட்டியலை யார் போட்டது?"

"நான்தான்."

இவர் தண்ணீர்ச் சொம்போடு வந்தவர், சூழ்நிலையைப் பார்த்துச் சொம்பை மேசையில் வைத்துவிட்டு வந்த வழியே சமையலறைக்குத் திரும்பிவிட்டார். கல்யாணமான இருபது வருடத்தில் இவர் கற்றுக்கொண்ட பெரிய வித்தை அது.

எந்தக் கணக்கு என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன்.

"பல்படிநிலை மாதிரியா? பேரே ஒரு மாதிரியாத்தான் இருக்கு." சிரிக்கவில்லை. "எவ்வளவு வித்தியாசத்துல மாட்டினோம்?"

"ஒரு மீட்டர்."

"ஒரு மீட்டரா! இந்த நாற்காலியிலேர்ந்து அந்த ஜன்னல் வரைக்கும்கூட வராதே அக்கா. இதுக்கா மூடுவாங்க?" கொஞ்சநேரம் ஜன்னலையே பார்த்தாள். "எனக்கு நாப்பத்தொண்ணு. பெரிய மையத்துல சின்னப் பசங்களா எடுத்து வச்சிருக்காங்க. என்னை யார் கூப்பிடுவா, சொல்லு."

சிகிச்சையாளர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை, அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறேன் என்றேன்.

"சந்தோஷம். அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சுக்கவா?"

பிறகு குரலை இறக்கி, "ஒரு மீட்டர்தானே. நீ நினைச்சா மாத்தலாம்ல?"

"முடியாது."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

"உன் உடம்புல ரத்தம் ஓடுதா, நம்பர் ஓடுதா? எனக்கு நெஜமாவே தெரியல."

போய்விட்டாள். தண்ணீரைத் தொடவில்லை.

நான் சொன்னது சரி. சரியானதைச் சொன்ன பிறகு வரவேண்டிய நிம்மதி மட்டும் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பத்து நாளாக அவள் தொலைபேசியை எடுப்பதில்லை. "அவளா எடுப்பா. நீ அடிச்சுக்கிட்டே இருந்தா வீம்புதான் கூடும்" என்கிறார் இவர். பத்து நாளில் ஏழு அழைப்பு. இதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

முடிந்த வேலைகளின் அச்சுப்படிகளை அடுக்கி வைக்கக் காற்புள்ளி வந்தார். எதையும் படிக்காமல் அடுக்குவது அவரால் முடியாது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா நெனைக்காதீங்க. இருபத்திரண்டு மையத்துக்கும் சேர்த்து ஆறே பேர்தான் வைத்தியம் பார்க்கிறாங்களா?"

"எண்பத்து மூணு பேர்."

"இதுல ஆறுன்னு இல்ல போட்டிருக்கு?" தாளைத் திருப்பிக் காட்டினார். "அப்ப இந்த ரெண்டாம் நம்பர் ஆளு காலையில நாலாம் மையம், மத்தியானம் பதினேழாம் மையம்னு ஓடிக்கிட்டே இருப்பாரோ? பாவம், அவருக்கே முழங்கால் போயிருக்குமே!"

தானே சிரித்துக்கொண்டார். நான் தாளைப் பார்த்தேன். மையம்: 22. சிகிச்சையாளர்: 6. நோயாளி: 1946. மார்ச் பன்னிரண்டாம் தேதியே என் கண்முன் இருந்த வரி.

ஒவ்வொரு மையமும் தன் சிகிச்சையாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண் கொடுத்துக்கொள்கிறது. நான்காம் மையத்தின் இரண்டாம் எண் வேறு ஆள், பதினேழாம் மையத்தின் இரண்டாம் எண் வேறு ஆள் என்பதை நான் கணினிக்குச் சொல்லவே இல்லை. ஒரே எண் என்றால் ஒரே ஆள் என்று அது எடுத்துக்கொண்டது. அதன்மேல் என்ன தப்பு? இருபத்திரண்டு பேரைப் பிசைந்து ஒரே இரண்டாம் எண் ஆக்கினால் கெட்டிக்காரர்களும் சுமாரானவர்களும் கலந்து எல்லாம் சமமாகிவிடும். அதுதான் அந்தச் சுழியம். நான் பத்தி எழுதிப் பாராட்டிய சுழியம்.

இது பெரிய பிழை இல்லை. சின்னப் பிழை. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாவது வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிற பிழை – பலகையில் எழுதி, வட்டம் போட்டு, "இதை மட்டும் மறந்துடாதீங்க" என்று. மையத்தின் எண்ணையும் ஆளின் எண்ணையும் ஒட்டி 17-2 என்று எழுதினால் தீர்ந்தது. ஒரு வரி வேலை.

எப்படி விட்டேன்? அவசரம் இல்லை. களைப்பு இல்லை. பிடிக்காத முடிவு வந்திருந்தால் பத்துத் தடவை குடைந்திருப்பேன். இது பிடித்த முடிவு. என் தங்கைமேல் குறையில்லை என்று சொன்ன முடிவு. மையம் போனால்கூடப் பரவாயில்லை, அவள் பேர் கெடாது என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல் – அது இருந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அதனால்தான் குடையவில்லை.

"என்ன மேடம், ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா?" என்றார் காற்புள்ளி.

"இல்ல. சரியாக் கேட்டீங்க."

ஏப்ரல் 10, வியாழன்

திருத்தி ஓட்டினேன். சிகிச்சையாளர்: 83. இந்த வரியை முதலில் பார்த்தேன்.

மையத்தைப் பொறுத்தது நூற்றுக்கு மூன்று. சிகிச்சையாளரைப் பொறுத்தது பதினாறு. மீதி எண்பத்தொன்று நோயாளி.

ஆக, மையங்களுக்கு நடுவே பெரிய வித்தியாசமே இல்லை. எல்லா மையங்களும் சராசரிக்கு ஒன்பது மீட்டர் மேலே, ஒன்பது மீட்டர் கீழே என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிட்டன. பதினேழாம் மையம் கழித்தல் பதினாறிலிருந்து கழித்தல் நான்குக்கு ஏறிவிட்டது. கடைசி மூன்று என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. அந்தப் பட்டியல் ஒரு பிழையின் நிழல்.

மையத்தை மூடவேண்டியதில்லை.

பிறகு – பார்த்திருக்க வேண்டாம், பார்த்தேன். சிகிச்சையாளர் 17-2, என் தங்கை. பதினான்கு நோயாளிகள். சராசரியைவிட இருபத்தொரு மீட்டர் கீழே. எண்பத்து மூன்று பேரில் கீழிருந்து பதினொன்றாவது.

மேசையைத் துடைத்தேன். விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டித் தூசி எடுத்தேன். திரும்ப உட்கார்ந்தபோதும் அதே எண்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

வயதானவர்களை அவளிடம் அனுப்புகிறார்களோ என்று வயதைக் கணக்கில் சேர்த்தேன். இருபத்தொன்று இருபதானது. முதல் நாள் நடந்த தூரத்தைச் சேர்த்தேன். இருபத்தொன்று. எடையைச் சேர்த்தேன். பத்தொன்பது. நான்காவதாக எதைச் சேர்க்கலாம் என்று கோப்பின் தலைப்புகளில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன்.

என்னடி பண்ற நீ?

திருத்துவது ஒன்று, தேடுவது ஒன்று. இது தேடல். சுழியத்தைப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டவளும் இருபத்தொன்றைப் பிடிக்காமல் கரைக்கப் பார்ப்பவளும் ஒரே ஆள்தான். வயதும் முதல் நாள் தூரமும் ஆரம்பத்திலேயே திட்டத்தில் எழுதியிருக்கவேண்டியவை, அவை இருக்கட்டும். எடையை எடுத்துவிட்டேன்.

கடினமான நோயாளிகள் அவளிடம் போகிறார்களா என்பது உண்மையில் எனக்குத் தெரியாது. கோப்புக்கும் தெரியாது. தெரியாது என்பதை அவளுக்குச் சாதகமாகவும் எழுதக்கூடாது, பாதகமாகவும் எழுதக்கூடாது.

ஏப்ரல் 16, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவளுடைய எண்ணைத் தவிர. இவருக்கு லிஃப்ட் பராமரிப்பில் வேலை. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏழாவது மாடிக் கதவு சிக்குதுன்னு மொத்தக் கட்டடத்தையும் இடிக்கச் சொல்லிட்ட. இப்ப போய், கட்டடம் நல்லாருக்கு, கதவுதான்னு சொல்லணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா கட்டடத்துல நம்ம வீட்டு ஆள் இருக்கு."

"அதையும் சேர்த்துச் சொல்லிடு. நாளைக்கு வேற ஒருத்தன் கண்டுபிடிச்சுச் சொன்னா நாறிடும்."

திருத்த அறிக்கை எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் மட்டும்: முந்தைய அறிக்கையில் சிகிச்சையாளர் எண்களை நான் தவறாகக் கையாண்டதால் அதன் பட்டியல் செல்லாது. பட்டியலில் இருந்த பதினேழாம் மையத்தில் என் உடன்பிறந்த தங்கை பணிபுரிகிறார். இதை நான் தொடக்கத்திலேயே தெரிவித்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தில் "வருந்துகிறேன்" என்று சேர்த்து, பிறகு எடுத்தேன். வருத்தத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

ஏப்ரல் 22, செவ்வாய்

இயக்குநர் அறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேல அனுப்பி ஒரு மாசமாச்சு. இப்ப வந்து செல்லாதுங்கிறீங்க."

"ஆமா சார்."

"படிக்கிறவன் என்ன சொல்லுவான்? தங்கச்சி வேலைக்கு ஆபத்துன்னதும் அக்காவுக்குத் திடீர்னு ஞானம் பொறந்துடுச்சுன்னுதானே சொல்லுவான்?"

"சொல்லட்டும். கோப்பை வெளியாள் ஒருத்தர்கிட்ட கொடுத்து முதல்லேர்ந்து பார்க்கச் சொல்லுங்க. என் கணக்கை அவருக்குக் காட்டவேண்டாம்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். அவர் முட்டாள் இல்லை, அவசரக்காரர். ஐந்தாம் பக்கத்தில் நின்றார்.

"மையத்துக்கு மூணு, ஆளுக்குப் பதினாறு. அப்ப கோளாறு ஆளுங்ககிட்டதான்?"

"வித்தியாசம் ஆளுங்ககிட்ட இருக்கு. கோளாறுன்னு சொல்ல முடியாது. யாருக்கு எந்த நோயாளின்னு எப்படிப் பிரிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. எண்பத்து மூணு பேர்ல கடைசி பத்துப் பேரைக் கொடுங்க. மையத்தை மூடவேணாம், இவங்களை மட்டும் பார்த்துக்கறோம்."

கடைசி பத்து. அவள் பதினொன்றாவது.

கொடுத்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அரை நிமிடத்தில் இதை நான் நன்றாகவே யோசித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கவேண்டும். பத்தாவது ஆளுக்கும் அவளுக்கும் இடையே அரை மீட்டர். அந்தப் பத்தாவது ஆளுக்கும் எங்கோ ஒரு அக்கா இருக்கலாம். புள்ளியியல் தெரியாத அக்கா.

"கொடுக்கமாட்டேன் சார். பத்தாவதுக்கும் பதினொண்ணாவதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு இந்தக் கணக்கு சொல்லவே இல்ல. இருபதாவதுக்குக்கூடச் சொல்லல. வரிசை போட்டா நான் பொய் சொன்ன மாதிரி."

"போன மாசம் ஒரு மீட்டருக்கு வரிசை போட்டீங்களே?"

"அதுவும் பொய்தான்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "இந்த வேலையிலேர்ந்து உங்களை எடுக்கிறேன்."

"சரி சார்."

"கோபமா எடுக்கல. எடுத்தாத்தான் நீங்க சொன்னது நிக்கும்."

அவர் அப்படி யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கோப்பு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் போயிற்று. எனக்கு இப்போது மருந்துக் கிடங்கின் கையிருப்பைப் பார்க்கும் வேலை. ஒரே படிநிலை. பெட்டி, பெட்டி, பெட்டி.

கொடுத்தனுப்பும் முன் காற்புள்ளி கோப்பில் 17-2, 17-3 என்று ஒட்டித் தருகிறேன் என்றார். வேண்டாம், வந்தபடியே போகட்டும், அவர் கண்ணில் படுகிறதா பார்ப்போம் என்றேன். "பரீட்சையா மேடம்?" என்று மகிழ்ந்துபோனார். பதினேழாம் மையத்தில் மூன்றாம் எண் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பதைப் பிறகு அவரே கண்டுபிடித்து, அரைமணி நேரம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

மே 8, வியாழன்

பேராசிரியரின் கணக்கு: மையம் மூன்று, சிகிச்சையாளர் பதினாறு. பட்டியல் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மையங்களும் இருக்கும்.

சிகிச்சையாளர்களை வரிசைப்படுத்த அவரும் மறுத்துவிட்டார். மாறாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணை மட்டும், அதன் பிழை எல்லையோடு, ஒட்டிய உறையில் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இயக்குநர் சரி என்றுவிட்டாராம்.

மாலையில் தங்கை கூப்பிட்டாள். ஆறு வாரம் கழித்து.

"அக்கா! மூடலையாம்! நீதான் கணக்கைத் திருத்தினியாமே?"

"தப்பு இருந்தது. திருத்தினேன்."

"எனக்காகப் பண்ணியா?"

"இல்ல."



"கொஞ்சம்கூட?"

"இல்லடி. தப்பு இருந்தது."

"ஒரு பேச்சுக்காவது ஆமான்னு சொல்லேன். சரியான மரக்கட்டை நீ." சிரித்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் தெரிந்த யாரோ ஒருவரின் தலைமுடிச் சாயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உறை இன்னும் அவளுக்கு வரவில்லை.

மே 12, திங்கள்

சொல்லலாமா? நான் சொன்னால் அக்கா சொன்னதாகிவிடும். உறை சொன்னால் உறை சொன்னதாகும். ஆனால் தெரிந்துவைத்துக்கொண்டே தலைமுடிச் சாயக் கதையைக் கேட்டேனே – அது என்ன?

மே 19, திங்கள்

வந்தாள். செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டாள். இவர் வீட்டில் இல்லை.

பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். நான்காக மடித்திருந்தது.

"கழித்தல் இருபத்தொண்ணு" என்றாள்.

நான் தாளைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"முப்பத்தொன்பது நாளா."

"எண்ணிட்டே இருந்திருக்க!" கோபமா, வேடிக்கையா, பிரிக்க முடியவில்லை. "அன்னைக்கு நான் குதிச்சுக்கிட்டுப் பேசினேனே, அப்பவும் தெரியுமா?"

"அப்பவும்."

எழுந்து ஜன்னல்வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். எழுதத் தெரிந்தவரை எழுதுகிறேன்: அவள் முகம் அப்போது நோயாளியைப் பார்க்கிற முகம். எங்கே வலிக்கிறது என்று தேடுகிற முகம்.

"இந்த மேல நாலு, கீழ நாப்பத்தாறுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

அதில் ஒரு நொடி நின்றேன். நான் பார்த்தபோது மேலே இரண்டு, கீழே நாற்பத்து நான்கு. பேராசிரியர் என்னைவிடக் கொஞ்சம் ஜாக்கிரதையானவர்.

"உன் உண்மையான எண் அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கலாம்னு அர்த்தம். பதினாலு பேரை வச்சு இவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அப்ப நான் சராசரியாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இதைவிட மோசமாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"உன்னோட பெரிய ரோதனை அக்கா." உட்கார்ந்தாள். "ரெண்டாவது தடவை விழுந்தவங்க, பயந்தவங்க, நடக்கவே மாட்டேன்னு அழுறவங்க – எல்லாரையும் பெரியவர் என்கிட்டதான் தள்ளுவார். 'உனக்குத்தான்மா பொறுமை அதிகம்'னு." பெரியவர் என்றது 17-1. "அதனாலதான் கம்மியா?"

"தெரியல."

"இல்ல, நான்தான் சுமாரா?"

"தெரியலடி. நெஜமாவே தெரியல. அழுறவங்களை எண்ணி யாரும் கோப்புல போடலை."

அப்போதுதான் எனக்குக் குரல் உடைந்தது. அவளுக்கு இல்லை. அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஆமான்னு ஒரு பேச்சுக்குச் சொல்லாதவ, இல்லைன்னும் ஒரு பேச்சுக்குச் சொல்லலை. அதுவரைக்கும் சரி" என்றாள்.

ஜூன் 2, திங்கள்

மருந்துக் கிடங்கு. பெட்டிகள். அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்த முறை எண்ணவில்லை.

ஜூன் 23, திங்கள்

மதியம் கூப்பிட்டாள். பின்னால் யாரோ தாளைக் கிழிக்கும் சத்தம்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. புதுசா வர்றவங்க பேரையெல்லாம் சீட்டுல எழுதி ஒரு டப்பால போட்டுக் குலுக்கி, யார் யாருக்குன்னு எடுக்கலாம்னு இருக்கோம். பெரியவர்கிட்ட பேசிட்டேன். கொஞ்சம் முறுக்கிக்கிட்டார், அப்புறம் சரின்னுட்டார். அவருக்கும் ஒரு உறை வந்துருக்குல்ல. இப்படிப் பண்ணா அழுறவங்க ரெண்டு பேருக்கும் சமமா வருவாங்கதானே?"

நான் சிரிக்கவில்லை. கிடங்கின் நடுவே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்கென்று பெரிய பெரிய பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. அவள் ஒரு டப்பாவோடு வந்து நின்றுவிட்டாள்.

"வருவாங்க. ஒரே நாள்ல இல்ல. போகப்போக."

"எவ்வளவு நாள்?"

"ஒரு வருஷமாவது."

"ஒரு வருஷம் கழிச்சு எண் நல்லா வரும்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அது எனக்கும் தெரியும், சும்மா கேட்டேன்." பக்கத்தில் யாரிடமோ, இன்னும் சின்னதாக மடிங்க, வெளியே தெரியக்கூடாது என்றாள். பிறகு என்னிடம், "வந்ததும் அந்தப் புரொபசர்தான் பார்க்கணும். நீ பார்க்கக்கூடாது. சரியா?"

"சரி."

"முதல் சீட்டு எடுக்கப் போறேன். இரு." டப்பா குலுங்கியது. தாள் பிரிந்தது. பெயரை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. மூச்சை மட்டும் இழுத்துவிட்டாள்.

"யாரு?" என்றேன்.

"உனக்கு எதுக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.